காந்தத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் கயிறு

1

செவ்வாய்க்கிழமை என் முழங்காலை ஸ்கேன் எடுத்தார்கள். ஈர இலையில் சைக்கிள் சறுக்கி விழுந்துவிட்டேன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக் கூட்டத்துக்குள் ஒரு கீறல் படாமல் ஓட்டியவள், சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டு வைத்திருக்கும் நெதர்லாந்தில் வந்து விழுந்தேன் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஸ்கேன் என்றால் காந்த ஸ்கேன். உள்ளே விடுவதற்கு முன்பு ஒரு பெண் கேள்விமேல் கேள்வி கேட்டாள். உடம்பில் ஆணி வைத்திருக்கிறதா, இதயத்தில் கருவி இருக்கிறதா, கண்ணில் இரும்புத் தூள் விழுந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துக் கடைசியில் என் கழுத்தைப் பார்த்தாள். சங்கிலியைக் கழற்றிவிடுங்கள் என்றாள். தங்கம்தான், காந்தம் இழுக்காது என்றேன். தெரியும், ஆனாலும் எதுவும் இருக்கக் கூடாது என்றாள். நான் மேற்கொண்டு வாதாடவில்லை. இதே வாதத்தில் முன்பு ஒரு தடவை மண்ணைக் கவ்வியவள் நான்.

கைப்பையில் எப்போதும் ஒரு முழம் மஞ்சள் கயிறு வைத்திருப்பேன். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தாலிச் சங்கிலியை என் மகள் நிலாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். நிலாவுக்குப் பத்து வயது. அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தது, அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரம் தட்டுகிற பட்டறைக்குள் படுத்திருந்த மாதிரி இருந்தது. முடிந்து நொண்டிக்கொண்டு வெளியே வந்தால், என் மகள் தாலிச் சங்கிலியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காலை ஆட்டியபடி படக்கதை படித்துக்கொண்டிருக்கிறாள்.

"கழட்டுடி அதை" என்று கத்திவிட்டேன்.

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாரும் கத்த மாட்டார்கள். கால் உடைந்தவர்கள்கூட அடுத்தவருக்குத் தொந்தரவில்லாமல்தான் முனகுவார்கள். நிலாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. தொலைந்துவிடாமல் இருக்கத்தானே மாட்டிக்கொண்டேன் என்றாள். நியாயம்தான். சங்கிலிக்குக் கழுத்தைவிடப் பத்திரமான இடம் எது? கல்யாணம் ஆகாத பெண் தாலியைக் கழுத்தில் போடக் கூடாது என்று டச்சு மொழியில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வார்த்தை கிடைத்தது, காரணம்தான் கிடைக்கவில்லை. வெட்கமாகிவிட்டது. வெளியே கூட்டிப்போய் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்தேன்.

தின்றுகொண்டே அவள் சங்கிலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த இரண்டு குண்டு மட்டும் ஏன் மற்றதைவிடப் பெரிசாக, கோணலாக இருக்கிறது என்று கேட்டாள். அப்போது அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன்.

2

எண்பதுகளின் நடுவில் நான் இங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அவர் டிராஃப்ட்ஸ்மேன், பின்னாலேயே வந்து ஒரு இயந்திரப் பட்டறையில் சேர்ந்தார். என்ன ஆராய்ச்சி என்று ஊரில் கேட்பவர்களிடம், மின்தடை அளக்கிறேன் என்பேன். அப்படியானால் கரண்டு ஆபீசா என்பார்கள். விடுமுறைக்குப் போனால் பக்கத்து வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்கள். எனக்கு ரெகுலேட்டரைத் திறக்கக்கூடத் தெரியாது. படிச்சு இன்னா புண்ணியம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு எடுத்துப் போவார்கள்.

நான் அளந்தது இதுதான். சாதாரணக் கம்பியில் ஓடுகிற எலெக்ட்ரானுக்கு எந்தப் பக்கமும் ஒதுங்க இடம் உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது, இரண்டு வகைப் படிகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வளர்த்த ஒரு சின்னச் சில்லு. அவை ஒட்டும் இடத்தில் எலெக்ட்ரான்கள் ஒரே தளத்தில் மாட்டிக்கொள்ளும். கேரம் போர்டில் காய் மாதிரி, முன்னே பின்னே போகலாம், பக்கவாட்டில் போகலாம், ஏறி இறங்க முடியாது. இதைத் திரவ ஹீலியத்தில் நன்றாகக் குளிர வைத்து, போர்டுக்கு நேர் மேலிருந்து பலமான காந்தப் புலம் கொடுப்போம். காந்தம், ஓடுகிற எலெக்ட்ரானை ஒரு பக்கமாகத் தள்ளும். ஆகவே மின்னோட்டம் போகிற திசையில் ஒரு தடை, அதற்குக் குறுக்கே ஒரு தடை என்று இரண்டை அளக்கலாம்.

காந்தத்தைக் கூட்டக் கூட்டக் குறுக்குத் தடை நேர்கோடாக ஏற வேண்டும் என்பது கல்லூரிப் பாடம். இங்கே அப்படி ஏறாது. கொஞ்ச தூரம் ஏறும், பிறகு நின்றுவிடும். காந்தத்தை இன்னும் கூட்டினாலும் அசையாது. திடீரென்று மளமளவென்று ஏறி, மறுபடி நின்றுவிடும். தாளில் பார்த்தால் மாடிப்படி. அது படியில் நிற்கும்போதெல்லாம் நேர்த்தடை விழுந்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குப் போய்விடும். படியின் உயரம் 25,812 ஓமும் சொச்சமும். இல்லாவிட்டால் அதில் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. சில்லை யார் வளர்த்தார்கள், எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. இதில் வேடிக்கை, சில்லில் கொஞ்சம் அழுக்கும் குறையும் இருந்தால்தான் படி அகலமாக வரும். சுத்தம் அதிகமானால் படி சுருங்கிவிடும். நான் வருவதற்குச் சில வருஷம் முன்புதான் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். இப்போது உலகம் முழுக்க ஓம் என்ற அளவையே இதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

என்னோடு வேலை செய்தவர் விம் என்ற டச்சுக்காரர். அவர் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் எழுத வேண்டும். டச்சில் இருபத்தைந்தை ஐந்தும் இருபதும் என்பார்கள். காதில் விழுந்த வரிசையில் நான் ஐம்பத்திரண்டு என்று எழுதுவேன். முதல் வாரம் எங்கள் படிக்கட்டு கன்னாபின்னாவென்று போயிற்று. இன்றைக்கு நிலா தமிழில் பேசும்போதே "அஞ்சும் இருவதும்" என்கிறாள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

3

எங்கள் காந்தம், ஆஸ்பத்திரிக் காந்தத்தைப் போலப் பத்து மடங்கு பலம். ஆள் உயரத்துக்கு இருக்கும். அதற்குக் கரண்டு கொண்டுவரும் செம்புப் பட்டைகள் கை அகலத்துக்குத் திறந்தபடி ஓடும். உலோகம் எதையும் உடம்பில் தொங்கவிடக் கூடாது என்பது அங்கே சட்டம். மோதிரத்தைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டி வைப்போம். புடவை கிழிந்தால், பட்டன் போனால், முள் குத்தினால், எல்லாவற்றுக்கும் அந்த ஊக்குதான். என் சங்கிலியில் மூன்று இருந்தன. ஒரு நாள் காந்தத்தின் பலம் ஏறிக்கொண்டிருக்கும்போது எதையோ எடுக்கக் குனிந்தேன். சங்கிலி சட்டைக்கு வெளியே வந்து, ஊக்குகள் மூன்றும் காந்தத்தைப் பார்த்து விறைத்து நின்றன. பின்கழுத்தில் யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. விம் பாய்ந்துபோய்க் காந்தத்தை இறக்கினார்.  ஊக்கைக் கழற்றிவிடுகிறேன், தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று வாதாடினேன். இழுப்பது மட்டுமா ஆபத்து, அந்தச் சங்கிலி செம்புப் பட்டையில் பட்டால் நீ கரிக்கட்டை என்றார். சங்கிலியைக் கழற்றினேன்.

வெறும் கழுத்தோடு இருக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குக் காரணம் கேட்காதீர்கள், மகளிடமே சொல்ல முடியவில்லை. அம்மா பெட்டியில் போட்டு அனுப்பிய மஞ்சள் கயிறு இருந்தது. நம் பக்கத்துச் சாமான் விற்கும் சூரினாம்காரர் கடையில் மஞ்சள் கிழங்கு வாங்கி, ஒரு துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். சங்கிலி என் மேஜை டிராயருக்குள் போயிற்று. பல நாள் வீட்டுக்கும் கயிற்றோடுதான் போவேன். என் வீட்டுக்காரர் கவனித்தாரா என்பதே சந்தேகம்.

என் சொந்தச் சில்லில் முதல் படி தெளிவாக விழுந்த அன்றைக்கு விம் ஒரு படம் எடுத்தார். வரைபடத் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, காலர் திறந்த சட்டையில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பெருமையாக ஒரு பிரதியை அம்மாவுக்கு அனுப்பினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

4

ஊரில் அப்போது என் தங்கை வசந்திக்குக் கல்யாணப் பேச்சு. அவள் எஸ்டேட்டில் ஒரு ரேடியோ கம்பெனியில் வேலை செய்தாள். பையன் குமாருக்கு ஆவடியில் வேலை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வந்து, பிடித்துப்போய், அவனே பெற்றோரை அனுப்பியிருந்தான். வீடு மாங்காடு. ஜாதகம் சரி, சாதி சரி, ஒரு குறையும் இல்லை. குமாரின் அப்பா ஏகாம்பரம் மட்டும் குறுக்கே நின்றார். பஸ் கண்டக்டர். ஸ்கூட்டர், பீரோ, கட்டில், கலர் டிவி என்று ஒரு லிஸ்டு போட்டார். எங்கள் அப்பா எஸ்டேட்டில் ஃபிட்டர். அதற்கெல்லாம் எங்கே போவார்? வெளிநாட்டில் ஒரு பெண் இருக்கிறாளே, தங்கைக்கு அனுப்ப மாட்டாளா என்று ஏகாம்பரம் கேட்டாராம்.

வசந்தி எனக்கு எழுதியபோது அதில் ஒரு வரி இருந்தது: நீ அங்கே போகாமல் இருந்திருந்தால் எனக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும். எனக்குச் சுருக்கென்றது. என் உதவித்தொகையும் அவர் சம்பளமும் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாக இருந்தது, ஸ்கூட்டருக்கு எங்கே போக? பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. வசந்தி சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

ஏகாம்பரமும் அவர் மனைவி தனலட்சுமியும் கடைசியாகப் பேசி முடிக்க வந்த அன்று, பெரிய பெண்ணின் படம் இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அம்மா, கண்ணாடி போடாதவள், அன்று காலைத் தபாலில் வந்த படத்தை எடுத்து நீட்டிவிட்டாள். ஏகாம்பரம் பார்த்தார், மனைவியிடம் கொடுத்தார். தனம் அத்தை ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு இருவரும் காபியைக் குடித்துவிட்டு, பேச்சை முடிக்காமலே எழுந்து போனார்கள். அதற்கப்புறம்தான் வசந்தி படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கயிற்றில் மஞ்சள் கிழங்கு என்றால் நம் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். தாலியும் அடகுக்குப் போய்விட்டது.

எங்கள் தெருவில் போன் இருந்த ஒரே இடம் கறீம் பாயின் மரக்கடை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூப்பிடுவேன். அந்த மாதம் அம்மா ரிசீவரை வாங்கியதும் ஹலோகூடச் சொல்லவில்லை.

"இன்னாடி இது கோலம்? தாலி எங்க?"

"டிராயர்ல கீதும்மா. பெரிய காந்தத்தாண்ட வேலை. செயின் போடக் கூடாது."

"தங்கத்தக் காந்தம் இழுக்குமா? அடகுக் கடையிலயே காந்தம் வெச்சுத்தான் தங்கம் நெஜமான்னு பாக்கறாங்க. எனக்கே கதை சொல்றியா? மாப்ளைக்கு வேலை போயிடுச்சா?"

ஊக்கைச் சொன்னேன், செம்புப் பட்டையைச் சொன்னேன், எலெக்ட்ரான் வரைக்கும் போனேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. பின்னால் கறீம் பாய், மாப்பிள்ளைக்கு உடம்பு சௌகரியமா என்று கேட்கச் சொல்கிறார். சங்கிலியோடு இன்னொரு படம் அனுப்புகிறேன் என்றேன். கவரிங் என்று சொல்வார்கள், சும்மா இரு என்றாள் அம்மா. போனை வைத்ததும் எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. என் வாழ்க்கையில் உருப்படியாக ஒரு காரியம் செய்து படம் எடுத்துக்கொண்டேன், அதனால் தங்கை வாழ்க்கை கெட்டுப்போகிறதே என்று ஆறவே இல்லை.

அடுத்த மாதம் கூப்பிட்டால் அம்மாவின் குரலே வேறாக இருந்தது. ஏகாம்பரம் தானே வந்தாராம். பெரிய பெண் கஷ்டத்தில் இருக்கிறாள், உங்களிடம் சீர் கேட்டால் பாவம் எனக்கு, பெண்ணை மட்டும் கொடுங்கள் என்றாராம். தை மாதம் கல்யாணம். நான் மூச்சு விடுவதற்குள் அம்மா அடுத்ததைச் சொன்னாள்.

"நீ வர்றப்ப கயித்தோடவே வா."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"பொய் யாரு சொல்லச் சொன்னா? வேலைக்குக் கயிறுதான் கட்டறேன்னு நீதானே சொன்ன. அதையே கட்டிக்கினு வா."

5

ஒரு டிக்கெட்டுக்குத்தான் வழி இருந்தது. நான் மட்டும் போனேன். மீனம்பாக்கத்தில் அம்மா முதலில் என் கழுத்தைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை வராததும் ஒருவிதத்தில் நல்லதுதான் என்றாள். சங்கிலியைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினோம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னிடம் மெதுவாகவே பேசினார்கள். ரெகுலேட்டரை யாரும் கொண்டுவரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், புடவைத் தட்டு கொண்டுபோய்க் கொடுக்க மாங்காட்டுக்குப் போனோம். மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, தனம் அத்தை என்னை மட்டும் பின்பக்கம் கூப்பிட்டார். கிணற்றடியில் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். லிஸ்டு போட்ட மனுஷன் எப்படியோ இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, கூச்சமாக, என்னைப் பார்க்காமல் துவைக்கிற கல்லைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி கல்யாணத்துல அக்கா கழுத்து இப்டிக் கீறது எனக்கு நல்லா இல்லம்மா. தனம், குடு அத."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அத்தை ஒரு காகித மடிப்பைப் பிரித்தார். உள்ளே இரண்டு தங்கக் குண்டு, பழைய காலத்து வேலை, கொஞ்சம் கோணல். ஏகாம்பரத்தின் அம்மா போட்டிருந்ததாம்.  இதை வாங்கிக்கொண்டால் நான் மனுஷியே இல்லை. சொன்னால் வசந்தி கல்யாணம் என்னாகுமோ தெரியாது. நாளைக் காலையில் முகூர்த்தம். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"அத்தை, நான் எதையும் அடகு வெக்கல. செயின் அம்மா ஊட்டுப் பெட்டியில கீது. இத நான் வாங்கக் கூடாது."

"தெரியும்" என்றார் அத்தை.

எப்படி என்று கேட்டேன்.

"அடகு வெச்சவ போட்டோவுக்கு அப்டிப் பல்லக் காட்டுவாளா கண்ணு? நானும் வெச்சிருக்கேன். தண்ணிக்குப் போறதுன்னாக்கூட முந்தானைய இழுத்துக் கழுத்த மூடிக்கினுதான் போவேன். நீ கழுத்தத் தொறந்து போட்டுக்கினு சிரிக்கற."

பிறகு ஏன் சீர் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"இந்த ஆளு லிஸ்டு எழுதிக்கினு கீறாரு. எம் புள்ள, வசந்திதான் வேணும்னு மூலையில ஒக்காந்துக்கினு கீறான். நான் வேணாம்னா இவரு கேப்பாரா? அப்பதான் உன் போட்டோ வந்துச்சு. தாலியே போயிடுச்சாம், அவங்களாண்ட ஸ்கூட்டர் கேக்கறியேய்யான்னு ஒக்காந்து அழுதேன். நம்பிட்டாரு."

கையில் இருந்த குண்டுகளைக் காட்டினேன். அப்படியானால் இது?

அத்தை குரலைத் தாழ்த்தினார். "இது நான் கேக்கல. அவரா எடுத்தாரு. எனக்குத் தெரிஞ்சு அந்த மனுசன் கையத் தொறந்து ஒருத்தருக்குக் குடுக்கறது இதான் மொதோ தபா. நீ நெஜத்தச் சொல்லி அதக் கெடுத்துடாத. திரும்பு."

திரும்பி நின்றேன். கயிற்றை அவிழ்த்து, மஞ்சள் துண்டுக்கு இரண்டு பக்கமும் குண்டைக் கோத்து, அவரே முடிச்சுப் போட்டார். போடும்போது, அப்படி என்னதான் அந்தக் காந்தம் செய்கிறது என்று கேட்டார். ஒரு பக்கம் தடை சுத்தமாக விழுந்துவிடும், குறுக்குப் பக்கம் ஏறி நின்றுகொள்ளும் என்றேன். எங்கள் வீட்டு ஆள் மாதிரிதான் என்றார்.

மறுநாள் பந்தலில் ஏகாம்பரம் என் கழுத்தை ஒரு தடவை பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாம்பார் பரிமாறுகிறவனை எதற்கோ அதட்டினார். நான் வசந்தியின் பின்னால் நின்று, வந்த அழுகையை ஊர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாரும் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

சில வருஷம் கழித்து நிலாவைத் தூக்கிக்கொண்டு போனபோது சங்கிலி போட்டிருந்தேன், அந்த இரண்டு குண்டோடு. மீட்டுட்டியாம்மா என்று கேட்டார் ஏகாம்பரம். அவர் கண் கலங்கியிருந்தது. ஆமாம் மாமா என்றேன்.

6

இதையெல்லாம் கேட்டுவிட்டு நிலா டச்சில் ஒரே கேள்வி கேட்டாள். அப்படியானால் அந்தத் தாத்தாவுக்கு மட்டும் இன்னும் உண்மை தெரியாதா? தெரியாது என்றேன். பாவம் என்றாள். விரலில் ஒட்டிய உப்பை நக்கிக்கொண்டே, மாங்காட்டுப் பாட்டி கெட்டிக்காரி என்றாள், இதைத் தமிழில்.

கழற்றிய சங்கிலியை வெள்ளிக்கிழமைதான் திரும்பப் போட வேண்டும் என்பது அம்மா வைத்த வழக்கம். அதனால் வீட்டுக்கு வந்தும் கயிற்றோடேயே இருந்தேன். வியாழக்கிழமை மாங்காட்டுக்குப் போன் செய்தேன். இப்போது அவர்கள் வீட்டிலேயே போன் இருக்கிறது. வசந்தி வேலைக்குப் போயிருந்தாள், அத்தைதான் எடுத்தார். முழங்காலைச் சொன்னேன், ஸ்கேனைச் சொன்னேன். மறுபடியும் காந்தத்துக்காகத் தாலியைக் கழற்ற வேண்டியதாயிற்று என்று சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"கயிறு இன்னும் கழுத்துல கீதா?"

இருக்கிறது, நாளைக்குத்தான் அவிழ்ப்பேன் என்றேன்.

"அவுக்காத. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எங்க சின்னவன், குமாரு தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சிருக்கு. நல்ல பொண்ணு, இல்லாத ஊடு. இந்த ஆளு மறுபடியும் லிஸ்டு எழுத ஒக்காந்துட்டாரு. உன் கழுத்தப் பாத்தாத்தான் அவருக்கு மனசு எளகும்."

போனை வைத்துவிட்டு நிலாவைக் கூப்பிட்டுக் கேமராவை எடுத்துவரச் சொன்னேன். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, காலரைத் திறந்து கயிறு தெரிய வைத்துக்கொண்டேன். அவள் ஒரு கண்ணை மூடிக் கேமராவுக்குள் பார்த்தாள். உடனே கேமராவை இறக்கிவிட்டாள்.

"சிரிக்காதம்மா" என்றாள்.